வயதானவருக்குத் தாடை வலி: முதலில் நைட் கார்டா, ரத்தப் பரிசோதனையா?

எழுபதைத் தாண்டிய என் மாமியாருக்கு மெல்லும்போது தாடை வலி. அல்சூரில் பார்த்த பல் டாக்டர், தாடை மூட்டுப் பிரச்சினை, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு போடலாம் என்றார். வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரோ முதலில் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொன்னார். நாங்கள் ரத்தப் பரிசோதனைக்கே போனோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நைட் கார்டில் குறையில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு உதவும். அளவெடுத்துச் செய்து, போட்டுப் பழக வாரக்கணக்கில் ஆகும். வலி மூட்டில்தான் என்றால் அதுவரை பொறுக்கலாம்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி என்றால் பொறுக்கக் கூடாது. தலைக்குப் போகும் ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியில் தடித்து, மெல்லும் தசைக்கு ரத்தம் போதாமல் போகலாம். ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்பார்கள். அத்தை சப்பாத்தியை முதல் சில வாய் நன்றாகவே மெல்லுவார். அப்புறம் தாடை வலித்து நின்றுவிடும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் மறுபடி மெல்ல முடியும். மூட்டு வலி பெரும்பாலும் வாயை அகலத் திறக்கும்போதே தெரியும், 'டக்' சத்தமும் கேட்கலாம். "சீப்பு பட்டாலே மண்டை வலிக்குதும்மா" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்ததும் இதே நோயின் அடையாளம்தான்.

தீர்மானிக்கிற விஷயம் கண். இதே அழற்சி கண் நரம்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்தால், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. மருந்து தராவிட்டால் மறு கண்ணும் சில நாட்களிலேயே போகலாம். அதனால்தான், சந்தேகம் வலுவாக இருந்தால் பயாப்ஸி (நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமலே டாக்டர்கள் ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். பெரும்பாலும் தினம் 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். தொடங்கி ஓரிரு வாரம் ஆனாலும் பயாப்ஸியில் நோய் தெரியும். பார்வை மங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா? போதாது. தொற்று, ரத்தசோகையிலும் ஈ.எஸ்.ஆர். ஏறும், இந்த நோய் இருந்தும் சிலருக்கு ஏறாது. அடையாளங்கள் பொருந்தினால் ரிப்போர்ட் நார்மல் என்று விட்டுவிடக் கூடாது. பயாப்ஸிக்குப் பதில் அல்ட்ராசவுண்டும் உண்டு. அதில் பழகிய கை வேண்டும். நாங்கள் பயாப்ஸிதான் செய்தோம், அதனால் அந்த ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை.

ஸ்டீராய்டுக்கும் விலை உண்டு. சுகர் ஏறும், எலும்பு பலவீனமாகும், மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அத்தைக்கு இப்போது கால்சியம் மாத்திரையும் சுகர் மெஷினும் சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கின்றன.