வேலூர் வெயிலில் மூன்று வருடம்: புகை அலாரம், தீயணைப்பான், கிரில் கேட் சாவி

சத்துவாச்சாரி பக்கத்து மாடி வீடு ஒன்றில் இரண்டு புகை அலாரம், ஒரு 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், ஆரஞ்சு கேஸ் டியூப் ஆகியவற்றை மூன்று வருடம் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

அலாரத்தைச் சமையலறைக்குள் மாட்டாதீர்கள். தாளிப்புக்கும் மிளகாய் நெடிக்கும் கத்திக்கொண்டே இருக்கும். எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள், அத்தோடு சரி. அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி, படுக்கையறை வாசலை ஒட்டிய கூரைதான் அதற்கு இடம். எங்கள் கீழ்வீட்டு அலாரத்தில் குறையில்லை. மாடியில் மாட்டியதுதான் மே மாதத்தில் தொல்லை. பல மாடல்கள் 38 முதல் 40 டிகிரி வரைதான் தாங்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இங்கே கோடையில் அதைத் தாண்டும். பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி, பிரஷ்ஷால் தூசி தட்டி, 9 வோல்ட் பேட்டரியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். 10 வருடம் ஆனதும் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

2 கிலோ தீயணைப்பான் 8 முதல் 10 நொடிதான் அடிக்கும். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து, இடவலமாக வீச வேண்டும். கொழுந்தைப் பார்த்து அடித்தால் பவுடர் வீண். அணையவில்லையா, வெளியே ஓடுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் இதைத் தொடவே வேண்டாம், வீச்சில் எண்ணெய் சிதறும், தண்ணீரும் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். ஒரு நொடி அடித்துப் பார்த்தாலும் ரீஃபில் செய்தாக வேண்டும்: வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசியும், சில நாளில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியை விட்டு இறங்கிவிடும். சிந்திய பவுடரை உடனே துடையுங்கள், ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும்.

கேஸ் டியூப்பில் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. அச்சிட்ட தேதிப்படி 5 வருடத்தில் மாற்றுங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். கசிவு என்றால் 1906-க்கு அடியுங்கள், அது கேஸ் கசிவு அவசர எண்.

இத்தனை வாங்கியும் பெரிய பலன் தந்தது ஓர் ஆணிதான். நம்மூரில் திருட்டுக்குப் பயந்து கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைப் பீரோவுக்குள் வைக்கிறோம். புகையில் அந்தப் பீரோ கண்ணுக்கே தெரியாது. கேட் சாவியைக் கொத்திலிருந்து பிரித்து, உள்பக்கச் சுவரில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில் தொங்கவிடுங்கள். விளக்கை அணைத்து, குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பூட்டைத் திறந்து பழகுங்கள். முதல் தடவை பாதி நேரம் பூட்டின் துவாரத்தைத் தேடுவதிலேயே போகும். வீட்டில் எல்லோரும், வயதானவர்கள் உட்பட, செய்து பார்க்க வேண்டும். படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றின் கிரில்லைக் கீல் வைத்து, உள்ளே கொண்டி போட்டு, திறக்கும்படி மாற்றிக்கொள்வது இரண்டாவது வழி. வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள்.

வெளியேறும் வாசல் வழியை ஸ்கூட்டர் அடைக்கக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவு சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் சார்ஜ் போடவே வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில், திறந்த வெளியில், வண்டி ஆறிய பிறகு போடுங்கள்.

படியில் புகை ஏறிவிட்டால் இறங்க முயலாமல் அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்க ஜன்னலில் நின்று குரல் கொடுங்கள். வெளியேற முடிந்தவர்கள் தெருமுனையில் கூடித் தலைகளை எண்ணிவிட்டு 101-க்கு அடியுங்கள். உள்ளே யாராவது இருந்தால் எந்த அறை என்பதை வண்டி வந்ததும் முதலில் சொல்லுங்கள்.