முருங்கன் களிமண்ணில் மீயொலிக் காற்றுமானி: சில போகங்களின் அனுபவம்

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன் வயலொன்றில், நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் பொருத்திய மீயொலிக் காற்றுமானியைக் காலபோகம் (மாரிப் பயிர்), சிறுபோகம் (கோடைப் பயிர்) இரண்டிலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். வயலிலிருந்து காற்றுக்கு ஏறும் வெப்பத்தை அளப்பதே நோக்கம். கிண்ணக் காற்றுமானி சுழலத் தொடங்கவே ஓரளவு காற்று வேண்டும். காற்று தணிந்த பின்னும் அது சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும். நிலத்தை அண்டிய சிறு சுழிகள் அதற்கு அகப்படுவதில்லை. மீயொலிக் கருவியில் அசையும் பாகமே இல்லை. எதிரெதிர் முனைகளுக்கிடையே ஒலித்துடிப்பு போகவும் வரவும் எடுக்கும் நேரத்தைக் கொண்டு, காற்றின் முத்திசை வேகத்தையும் வெப்பநிலையையும் எங்கள் கருவி செக்கனுக்கு 20 தடவை தருகிறது. செங்குத்து வேகமும் வெப்பநிலையும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கொண்டே மேலேறும் வெப்பத்தைக் கணக்கிடுகிறோம்.

கருவியில் எனக்குக் குறையில்லை. சிக்கல் அது நிற்கும் மண்ணில்தான். முருங்கன் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் இழுகம்பிகள் தளர்ந்து கம்பம் மெல்லச் சாய்கிறது. சோளகம் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும்போது, காற்று வரும் பக்கமாக ஒரு பாகை சாய்ந்தாலே செங்குத்து வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் பிழை சேர்ந்துவிடும். சமதரையில் அந்த வேகத்தின் சராசரி பூச்சியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கணக்கில் அச்சுகளைத் திருப்பி இதைத் திருத்தலாம். ஆனால் பல வாரத் தரவுகளுக்கும் ஒரே சாய்வுத் தளத்தைப் பொருத்தித் திருத்தும் முறை, கம்பம் அசையாது என்று நம்பி எழுந்தது; இங்கே அரைமணித் துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்துவதே பாதுகாப்பு. புதிதாக நிறுவுவோர் கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன் அத்திவாரத்துக்குப் பணம் ஒதுக்கட்டும்.

சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருவதால், கம்பத்திலிருந்து கருவியைத் தாங்கும் கையை வடமேற்கே நீட்டினால் இரு பருவத்திலும் கம்பத்தின் மறைப்பு குறையும். குளத்து நீரைப் பொறுத்து ஒரு பகுதி மட்டுமே விதைக்கப்படும் சிறுபோகத்தில்தான் தரவு மிகச் சுவையானது: தரிசைக் கடந்து வரும் சூடான காற்று ஈர வயலில் படும்போது, பிற்பகலில் வெப்பம் மேலே ஏறாமல் பயிரை நோக்கி இறங்குவதைக் காணலாம்.

மீயொலிக் கருவி காட்டும் வெப்பநிலையை அப்படியே காற்றின் வெப்பநிலையாக எடுக்கக் கூடாது. ஈரப்பதனும் ஒலியின் வேகத்தைக் கூட்டுவதால், 30 பாகைச் சூட்டில் ஒரு கிலோ காற்றில் 20 கிராம் நீராவி இருந்தால் ஏறத்தாழ 3 பாகை கூடுதலாகக் காட்டும். ஏற்ற இறக்கங்களை அளக்க இது போதும். அவற்றிலும் நீராவியின் பங்கைக் கழிக்க வேண்டும். பக்கத்தில் வெப்பநிலையை அளக்கும் மெல்லிய வெப்பவிணைக் கம்பி கட்டினால் ஒப்பிடலாம்தான், ஆனால் தும்பி மோதினாலும் அறுந்துபோகும் பொருள் அது.

மாரி மழையில் முனைகளில் துளி தொங்கும் வரை தரவு கெடும். துளி விழுந்ததும் தானே சீராகும். சிலந்தி வலையை மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். மயில்களுக்குக் கம்பத்தின் உச்சி மிகவும் பிடித்திருக்கிறது, அதற்குக் கூர்முனைக் கம்பி கட்டியிருக்கிறோம். நாளொன்றுக்கு 17 இலட்சத்து 28 ஆயிரம் வரிகள் சேர்ந்தாலும் மூலத்தரவை அழிக்காதீர்கள்: சராசரிகளை மட்டும் வைத்திருந்தால் பின்னர் சாய்வைத் திருத்த வழியில்லை.