பாக் நின் தறியும் ஸ்ரீபெரும்புதூர் கூலி நெசவும்

காஞ்சிபுரத்தில் கூலி நெசவைப் பார்த்தவர்களுக்கு ஐஃபோன் எப்படித் தயாராகிறது என்று விளக்குவது எளிது. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவார். ஆப்பிளுக்கு ஃபாக்ஸ்கான் என்ற தைவான் ஒப்பந்த நிறுவனம் செய்வது ஏறக்குறைய இதுதான். இங்கே தறியும் முழுக்க நெசவாளியுடையதில்லை என்பதுதான் வித்தியாசம். ஃபாக்ஸ்கான் போன்றவர்களின் ஆலைக்குள் ஓடும் பல இயந்திரங்கள் ஆப்பிள் வாங்கிப் போட்டவை.

சாம்சங் நெசவைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. 2009-இல் வியட்நாமின் பாக் நின்னிலும் 2014-இல் தாய் நுயெனிலும் சொந்தக் கைபேசி ஆலைகளைத் தொடங்கியது. திரை, பேட்டரி, கேமரா செய்யும் சகோதர நிறுவனங்கள் பின்னாலேயே வந்து இறங்கின. அவற்றின் பின்னால் கொரியத் துணை நிறுவனங்கள். மலிவு விலை ஃபோன்கள் சிலவற்றைச் சீன ஒப்பந்த நிறுவனங்களிடம் விடுவதும் உண்டு. ஆனாலும் குணத்தில் அது தன் வீட்டுத் தறிக்காரர்தான்.

எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் தரம் கைக்குள் நிற்கும் என்பார்கள். 2016-இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்த ஃபோன்களில் இருந்தது சாம்சங் எஸ்டிஐ என்ற சகோதர நிறுவனத்தின் பேட்டரி. அதன் மேல் மூலையில் மின்வாய்த் தகடு வளைந்திருந்தது. மாற்றிக் கொடுத்தவற்றில் இருந்தது ஏடிஎல் என்ற வெளி நிறுவனத்தின் பேட்டரி. அதில் வெல்டிங் பிசிறு. வீட்டுச் சரக்கும் சுட்டது, கடைச் சரக்கும் சுட்டது. எனவே கூலி நெசவா, சொந்தத் தறியா என்ற வழக்கைத் தரத்தை வைத்துத் தீர்க்க முடியாது. ஆலை வந்து இறங்கும் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணத்தில் தொடங்கலாம். 2009-இல் ஐஃபோன் 3ஜி ஒன்றின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் நடந்த பொருத்து வேலைக்குப் போனது 6.50 டாலர். மீதியில் பெரும்பங்கு ஜப்பான், கொரியா, ஜெர்மனி என்று பாகம் செய்தவர்களுக்கு. ஐஃபோன் திரைகளில் பலவற்றைச் செய்து சம்பாதிப்பது சாம்சங்கின் திரை நிறுவனம் என்பது இந்தப் பகையின் வேடிக்கை.

அடுத்து, குறை என்று வந்தால் யாரிடம் போய் நிற்பது? இதற்குப் பதில் தேட வியட்நாம்வரை போக வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதியை நடத்தியவர் ஒரு ஒப்பந்ததாரர், ஆலை தைவான்காரருடையது, ஃபோன் அமெரிக்கருடையது. சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஆப்பிளும் அதைக் கண்காணிப்பில் வைத்தது. பின்னால் வல்லம் வடகாலில் 18,000-க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு புதிய விடுதி எழுந்தது. 2024-இல் முதலமைச்சர் திறந்துவைத்தார்.

அதே 2024 செப்டம்பரில், அதே வட்டாரத்தில், சாம்சங்கின் டிவி, ஃப்ரிட்ஜ் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் எளிதில் இறங்கிவரவில்லை. ஆனால் எதிரே நிற்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு சாம்சங் முறைக்கு.

சொந்த ஆலை என்றால் வேர்விட்டு நிற்கும் என்ற நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை. தெற்குச் சீனாவின் ஹுய்சோவில் 1992-இல் வந்த சாம்சங், 2019-இல் ஆலையை மூடியது. அத்தோடு சீனாவில் அதன் சொந்தக் கைபேசி உற்பத்தி முடிந்தது. ஆலையை நம்பிச் சாப்பாட்டுக் கடை போட்டவர்கள் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் உதாரணத்துக்கு நோக்கியா போதும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, வரி வழக்கில் சிக்கியது, 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. பூட்டிக் கிடந்த அந்த இடத்தைப் பிறகு வாங்கியது சால்காம்ப். அது செய்வது சார்ஜர், ஆப்பிளுக்கும் சேர்த்து. சொந்தத் தறிக்காரர் விட்டுப்போன கொட்டகையில் கூலி நெசவு.

தொழில் கற்றுக்கொள்வதில்தான் தராசு கூலி நெசவின் பக்கம் நன்றாகவே சாய்கிறது. பாக் நின்னில் தொடக்க ஆண்டுகளில் உள்ளூர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அட்டைப்பெட்டியும் அச்சு வேலையும்தான். கொரியாவிலிருந்து வந்த வட்டத்துக்குள் நுழையவே அவர்கள் வெகுகாலம் வாசலில் நின்றார்கள். அந்த ஆலையை ஒரு வியட்நாம் நிறுவனம் விலைக்குக் கேட்பதைக் கற்பனை செய்ய முடிகிறதா? கூலி நெசவில் அது நடக்கிறது. கர்நாடகத்தின் நரசபுரத்தில் விஸ்ட்ரான் என்ற தைவான் நிறுவனம் நடத்திய ஐஃபோன் ஆலையை 2023-இல் டாடா வாங்கியது. 2025-இல் ஐஃபோன் செய்யும் இன்னொரு தைவான் நிறுவனமான பெகாட்ரானின் இந்தியக் கிளையிலும் 60 சதவீதம் டாடாவின் கைக்கு வந்தது. சிப்பும் கேமராவும் இன்னும் வெளியிலிருந்து வருகின்றன என்பது வேறு கதை.

இன்னும் நல்ல சாட்சி வாங் லாய்ச்சுன். 1988-இல் ஷென்சென் ஃபாக்ஸ்கானில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்த சீனப் பெண். பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியேறி, 2004-இல் லக்ஸ்ஷேர் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஆப்பிளின் ஏர்பாட்ஸைச் செய்பவர்களில் அவரும் ஒருவர். பழைய முதலாளிக்கே போட்டி. அவருடைய ஏர்பாட்ஸ் ஆலை இருக்கும் இடம் வியட்நாமின் பாக் ஜியாங், சாம்சங்கின் பாக் நின்னுக்குப் பக்கத்து மாகாணம். 2025 ஜூலையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பெயர் பாக் நின். இப்போது ஒரே மாகாணத்துக்குள் காலை ஷிப்டுக்கு இரண்டு வகைக் கம்பெனி பஸ்ஸும் கிளம்புகின்றன.