மதுரை, கோவை, சென்னை: எந்தச் சந்தையில் எதை வாங்கலாம்?

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. விளைவித்தவரே விற்பதால், காய் எந்த ஊரில் விளைந்தது, எப்போது பறிக்கப்பட்டது என்பதை அவரிடமே கேட்டறிய முடிவது இச்சந்தைகளின் தனிச்சிறப்பு. மதுரையில் கத்தரி, வெண்டை, கீரை ஆகியவற்றைக் காலையிலேயே சென்று வாங்குவது நல்லது; வெயில் ஏறிய பின் எஞ்சுவது பெரும்பாலும் பிறர் கழித்துப் போட்டதுதான். கிடைக்கும்போது சிறுமலை வாழைப்பழத்தைத் தவறவிடக் கூடாது. புவிசார் குறியீடு பெற்ற அப்பழத்தின் மணமும், நீர்ப்பதம் குறைந்த சதையும், பல நாள் கெடாத தன்மையும் வேறு வாழையில் அரிது.

கோவை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில், நீலகிரி அருகில் இருப்பதால், கேரட், பீட்ரூட், பீன்ஸ் போன்ற மலைக்காய்கள் தொலைவான பயணத்தில் வாடாமல் வந்துவிடுகின்றன. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் காரம் குறையாதது. ஆனால், கழுவிப் பளபளக்கும் கேரட்டை ஈரம் காயவிட்ட பிறகே எடுத்துவைக்க வேண்டும். இல்லையெனில் விரைவில் அழுகிவிடும்.

சென்னைக் கோயம்பேடு 1996இல் திறக்கப்பட்ட மொத்த விற்பனைச் சந்தை; அதன் கணக்கே வேறு. வகைகளின் பெருக்கத்தில் அதற்கு நிகரில்லை என்றாலும், தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருவதால், உள்ளூர் விளைச்சலைத் தேடுபவருக்கு அது ஏற்ற இடமன்று. திருவள்ளூர் மாவட்டக் கீரைகளை மட்டும் அங்கு நம்பி வாங்கலாம்.