வில் பி வாக்கியமும் அதன் ப்ரெபோசிஷன்களும்: அலுவலக ஆங்கிலத்தில் நெடுநாள் புழங்கியதில் தெளிந்தவை

மின்னஞ்சல், சுற்றறிக்கை, ஒப்பந்தம், புகாருக்கான பதில் என்று எதை எடுத்தாலும் எதிர்காலச் செயப்பாட்டுவினை இல்லாமல் அலுவலக ஆங்கிலம் நகராது. அமைப்பு எளிது: வில், பி, வினையின் மூன்றாம் வடிவம். "தி பில் வில் பி பெய்ட்." எழுவாய் ஐ, ஹி, தே எதுவாக இருந்தாலும் வில் பி மாறாது. நிகழ்காலத்தில் ஆம், இஸ், ஆர் என்று தேடும் வேலைகூட இங்கே இல்லை. "வில் பி சென்ட்" என்பதை "வில் பி செண்ட்" என்று டகர ஓசையில் முடித்து, எழுதும்போதும் முதல் வடிவத்தையே போடுவது, அவசரத்தில் பி-யை விட்டு "வில் சென்ட்" என்று எழுதுவது ஆகியவை ஆரம்பப் பிழைகள். சில வாரங்களில் போய்விடும். பல ஆண்டுகள் எழுதிப் பழகியவர்களிடமும் போகாமல் தங்குவது, மூன்றாம் வடிவத்துக்குப் பின்னால் வரும் ப்ரெபோசிஷன் என்ற சின்னச் சொல்லில் (பை, வித், டு போன்றவை) நேரும் பிழைதான்.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். "குழந்தையைப் பார்த்துக்கொள்வார்" என்பதில் உள்ள ஐ, குழந்தை எழுவாயாக மாறினால் கழன்றுவிடும். ஆங்கிலத்தில் லுக் ஆஃப்டர் என்பதில் உள்ள ஆஃப்டர், பெயரோடு போகாது, வினையோடு நிற்கும். அதனால் வாக்கியம் இப்படி வரும்: "தி சைல்ட் வில் பி லுக்ட் ஆஃப்டர் பை தி கிராண்ட்மதர்." ஆஃப்டர், பை இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தமிழ்க் காதுக்கு மிகையாகப் படும். உடனே கை முதலாவதை வெட்டிவிடும். "வில் பி லுக்ட் பை" என்று ஆகிவிட்டால் கவனித்துக்கொள்ளும் பொருளே போய்விடும்.

பே என்ற வினையில் இது பணத்தையே தொடும். "யூ வில் பி பெய்ட் பை தி கம்பெனி" என்றால் கம்பெனி உங்களுக்குப் பணம் தரும். "யுவர் ஸ்டே வில் பி பெய்ட் ஃபார் பை தி கம்பெனி" என்றால் நீங்கள் தங்கும் செலவைக் கம்பெனி ஏற்கும். பணமும் பில்லும் பெய்ட். தங்கியது, சாப்பிட்டது, வாங்கிய பொருள் எல்லாம் பெய்ட் ஃபார். டெல்ட் வித், லிசன்ட் டு, டிஸ்போஸ்ட் ஆஃப், டேக்கன் கேர் ஆஃப், டன் அவே வித் ஆகியவையும் இந்த வகைதான். இவற்றுக்கு நாளானாலும் கைகொடுக்கும் சோதனை ஒன்றுதான்: எழுதிய வாக்கியத்தைச் செய்வினையாகத் திருப்புங்கள். "வி வில் டீல் வித் தி இஷ்யூ" என்று வினைக்கும் பெயருக்கும் நடுவே வித் வந்தால், செயப்பாட்டிலும் அது இருந்தே ஆக வேண்டும்: "தி இஷ்யூ வில் பி டெல்ட் வித்." வாக்கியம் ப்ரெபோசிஷனில் முடிகிறதே என்று தயங்க வேண்டாம். இங்கே அதுதான் சரி.

அடுத்தது ஆல். "தச்சரால் வெட்டப்படும்", "ரம்பத்தால் வெட்டப்படும்" இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு போதும். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. செய்பவர், நிறுவனம், தீ, வெள்ளம் போன்ற இயற்கைச் சக்தி என்றால் பை; ஒருவர் கையில் எடுத்துப் பயன்படுத்தும் கருவி என்றால் வித். "தி பிளாங்க் வில் பி கட் பை தி கார்பென்டர் வித் எ ஹேண்ட் சா." நிரப்பும் பொருளுக்கும் வித்தான்: "தி டேங்க் வில் பி ஃபில்ட் வித் வாட்டர்." அனுப்பும் வழிக்கு மட்டும் பை திரும்ப வரும், முன்னால் எ, தி இல்லாமல்: பை போஸ்ட், பை கூரியர், பை பஸ்.

பை-யின் சிக்கல் இதோடு முடிவதில்லை. செய்பவர், வழி, கெடு, அளவு நான்கையும் அது ஒன்றே சுமக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 155ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் இரண்டு பை வைத்திருக்கிறது: "தி கவர்னர் ஆஃப் எ ஸ்டேட் ஷல் பி அப்பாயின்ட்டட் பை தி பிரசிடென்ட் பை வாரன்ட் அண்டர் ஹிஸ் ஹேண்ட் அண்ட் சீல்." முதல் பை நியமிப்பவர், இரண்டாவது நியமிக்கும் வழி, வரிசை சரியாக இருப்பதால் குழப்பமில்லை. சட்டத்தில் ஷல் கட்டாயத்தைக் குறிக்கிறது, எதிர்காலத்தை மட்டுமல்ல. ஆனால் வாக்கிய எலும்பு வில் பி-யினுடையதே. கடிதத்தில் மூன்றாவதாகக் கெடுவுக்கும் பை சேர்ந்து, "வில் பி சென்ட் பை தி ஆபீஸ் பை கூரியர் பை ஃப்ரைடே" என்று நீண்டால் படிப்பவர் தடுமாறுவார். கெடுவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்; செய்பவரை எழுவாயாக்கிச் செய்வினைக்கே போய்விடுங்கள்: "பை ஃப்ரைடே, தி ஆபீஸ் வில் செண்ட் இட் பை கூரியர்."

அளவு குறிக்கும் பை விலைப்பட்டியலில் ஆபத்தானது. 100 ரூபாய்ப் பொருளுக்கு "தி பிரைஸ் வில் பி ரெட்யூஸ்ட் பை 20 ருபீஸ்" என்றால் இனி 80 ரூபாய். "டு 20 ருபீஸ்" என்றால் இனி 20 ரூபாய். இந்த இடத்தில் பழைய விலையையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு: "ஃப்ரம் 100 டு 80."

கெடுவில் க்குள், வரை என்ற இரண்டு சொற்கள்தான் வழிதவற வைக்கின்றன. "திங்கட்கிழமைக்குள்" என்பதை "வித்இன் மண்டே" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. நாள், மணி போன்ற ஒரு புள்ளி என்றால் பை மண்டே. மூன்று நாள், ஒரு வாரம் போன்ற நீளம் என்றால் வித்இன் த்ரீ டேஸ். "இன் த்ரீ டேஸ்" என்று எழுதினால், மூன்று நாள் கழியும் தறுவாயில் கிடைக்கும் என்றே பொதுவாகப் புரிந்துகொள்வார்கள். எல்லை வகுக்க வேண்டுமானால் வித்இன் எழுதுங்கள். வரை என்பது நீடிக்கும் நிலை: "தி ரோடு வில் பி குளோஸ்ட் அன்டில் சிக்ஸ்" என்றால் ஆறு மணி வரை மூடியிருக்கும். அதையே பை சிக்ஸ் என்று எழுதினால் ஆறு மணிக்குள் மூடிவிடுவார்கள், வண்டிக்காரர் நேர் எதிராகத் திட்டமிடுவார். டுமாரோ, நெக்ஸ்ட் வீக், நெக்ஸ்ட் மண்டே ஆகியவற்றுக்கு முன்னால் ஆன் வேண்டாம்.

மிக ஆழமாக வேர்விட்ட பிழை க்கு உருபிலிருந்து வருகிறது. "தேதி உங்களுக்குத் தெரிவிக்கப்படும்" என்பது அப்படியே "தி டேட் வில் பி இன்ஃபார்ம்ட் டு யூ" என்று இறங்கிவிடுகிறது. இன்ஃபார்ம் என்ற வினை ஆளைத்தான் செயப்படுபொருளாக ஏற்கும், செய்தியை அல்ல. எனவே ஆளே எழுவாய்: "யூ வில் பி இன்ஃபார்ம்ட் ஆஃப் தி டேட்." எக்ஸ்பிளெய்ன் இதற்கு நேர்மாறு: "தி ப்ரொசீஜர் வில் பி எக்ஸ்பிளெய்ன்ட் டு யூ" சரி, "யூ வில் பி எக்ஸ்பிளெய்ன்ட்" தவறு. ப்ரொவைட் மட்டும் இரண்டு பக்கமும் வளையும்: ஆள் எழுவாயானால் வித், பொருள் எழுவாயானால் டு. இந்த மூன்றையும் பிரித்தறிந்துவிட்டால், அனௌன்ஸ், ரிப்போர்ட் போன்று செய்தியை ஏற்கும் வினைகள் எக்ஸ்பிளெய்ன் பக்கமும், நோட்டிஃபை, ரிமைண்ட் இன்ஃபார்ம் பக்கமும் சேர்வது தானே தெரியும்.

இல்லாத ப்ரெபோசிஷனைச் சேர்ப்பதும் உண்டு. "இதைப் பற்றி விவாதிக்கப்படும்" என்ற பழக்கத்தில் "வில் பி டிஸ்கஸ்ட் அபவுட்" வருகிறது, டிஸ்கஸ்ட் போதும். "வில் பி ஹேப்பன்ட்" கூடவே கூடாது, ஹேப்பன் செயப்பாட்டுக்கு வராத வினை. கூட்டம் என்றால் "வில் பி ஹெல்ட் ஆன் மண்டே அட் டென் இன் தி மெயின் ஹால்": கிழமைக்கு ஆன், மணிக்கு அட், அறைக்கு இன்.

தண்டனைக்கு வரும் வித் சட்டத்தில் பழுத்த வழக்கு. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 379ஆம் பிரிவின் தண்டனைப் பகுதி, "ஷல் பி பனிஷ்ட் வித் இம்ப்ரிசன்மென்ட்" என்று தொடங்கி, "ஆர் வித் ஃபைன், ஆர் வித் போத்" என்று முடியும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த நடை தொடர்கிறது. குற்றத்துக்கு ஃபார், தண்டனைக்கு வித், தண்டிக்கும் நீதிமன்றத்துக்கு பை.

எப்போது இந்த அமைப்பை எடுப்பது? நாம் பேசும்போது படு சேர்ப்பது அரிது. "விண்ணப்பத்தை அடுத்த வாரம் பார்ப்பார்கள்" என்போம்: பொருள் முன்னால், யார் என்பது சொல்லப்படாமல். அந்தத் தமிழ் வாக்கியம் மனத்தில் எழுந்தால், ஆங்கிலத்தில் பை இல்லாத வில் பி இயல்பாகப் பொருந்தும். "பை தெம்" என்று ஒட்டவைப்பது பள்ளிப் பயிற்சியின் மிச்சம், விட்டுவிடலாம். யார் செய்வார் என்பதே வாசகரின் கேள்வியாக இருந்தால் மட்டும் இதைத் தவிர்ப்பது நேர்மை. புகார் கொடுத்தவருக்கு "யுவர் கம்ப்ளைன்ட் வில் பி லுக்ட் இன்டு" என்று மட்டும் அனுப்பினால், ஆளும் இல்லை, கெடுவும் இல்லை. "அவர் சர்வீஸ் டீம் வில் லுக் இன்டு யுவர் கம்ப்ளைன்ட் அண்ட் கால் யூ பை ஃபைவ் ஆன் தர்ஸ்டே" என்று எழுதுங்கள்.