கடைக்கு வந்து கிரிப்டோ வாலட் போட்டுத் தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள்: எம்.சி. ரோட்டிலிருந்து ஒரு எச்சரிக்கை

உங்கள் கடையில் யாராவது வந்து கிரிப்டோ வாலட் (டிஜிட்டல் காசை வாங்கி வைக்கும் ஆப்) போட்டு, க்யூஆர் ஒட்டி, அந்த வாலட்டின் சாவியான பன்னிரண்டு சொற்களையும் அவரே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பதிவை அப்புறம் படியுங்கள். முதலில் நீங்களே ஒரு புது வாலட் திறந்து, உள்ளே இருக்கும் பணத்தை அதற்கு மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் புடவை, நைட்டி மொத்த வியாபாரம் செய்கிறேன். அப்பா காலத்துக் கடை. போன மாதம் ஒரு ராத்திரியில் என் வாலட்டில் இருந்த 4,180 யுஎஸ்டிடி போய்விட்டது. ஒரு டாலருக்கு ஒன்று என்ற மதிப்பை ஒட்டி வெளியிடும் கிரிப்டோ காயின் அது. ரூபாயில் மூன்றரை லட்சத்துக்கு மேல்.

புடவைக் கடைக்காரனுக்குக் கிரிப்டோ எதற்கு என்று கேட்பீர்கள். எங்களிடம் இலங்கையிலிருந்து வந்து வாங்கும் வியாபாரிகள் உண்டு. விமானத்தில் வந்து, இரண்டு மூன்று நாள் மண்ணடியில் ரூம் போட்டுத் தங்கி, சரக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். 2022-ல் அங்கே டாலரே கிடைக்காமல் போனபோது ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார், "அண்ணை, வங்கியிலை டொலர் இல்லை. யுஎஸ்டிடியிலை தந்தால் எடுப்பீங்களோ?" என்று. எனக்கு அப்போது அந்தப் பெயரே தெரியாது. பத்து வருடப் பழக்கம், நல்ல மனிதர். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த முறை மறுத்துவிட்டேன். அப்புறம் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். வருகிற வியாபாரத்தை எத்தனை நாள் திருப்பி அனுப்புவது?

அப்படி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். விசிட்டிங் கார்டு, லேப்டாப் பை, மரியாதையான பேச்சு. "அண்ணே, மெர்ச்சன்ட் வாலட் செட்டப் பண்ணித் தரேன். கவுண்டர்ல ஒட்ட க்யூஆர், பசங்களுக்கு ட்ரெய்னிங், எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்." இதே வரிசையில் வேறு கடைகளுக்கும் செய்திருப்பதாகச் சொன்னான். போய் விசாரித்தேன், உண்மைதான். அவர்களும் திருப்தியாக இருந்தார்கள்.

அவன் என்ன செய்தான் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு நடந்த இடம் இதுதான். வாலட்டை முதலில் தன் லேப்டாப்பில் திறந்தான். திரையில் வந்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை ஒரு அட்டையில் அழகாக எழுதினான். பிறகு என் போனில் ஆப்பைப் போட்டு, அதே சொற்களை உள்ளே கொடுத்தான். கைரேகை லாக் வைத்தான். "இந்த அட்டையை பீரோவுல வெச்சிடுங்கண்ணே, யாருக்கும் காட்டாதீங்க. இனிமே உங்க விரல் இல்லாம ஒருத்தரும் தொட முடியாது" என்றான். நானும் அட்டையை நகை இருக்கும் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அந்த விரல் பூட்டு காப்பது என் போனை மட்டும்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பணம் போனுக்குள் இல்லை. பிளாக்செயினில், அதாவது பல கம்ப்யூட்டர்களில் சேர்ந்தே பதிவாகும் ஒரு பொதுக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்தப் பன்னிரண்டு சொற்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகிறவை அவை. யாரிடம் அவை இருக்கின்றனவோ அவர் உலகத்தில் எந்த மூலையில், எந்தப் போனிலும் போட்டு என் பணத்தை எடுக்கலாம். ஓடிபி கிடையாது, பேங்க் மேனேஜர் கிடையாது. பாஸ்வேர்டு போல மாற்றவும் முடியாது. புது வாலட் திறந்து பணத்தை அங்கே கொண்டுபோவது ஒன்றுதான் வழி. அவன் லேப்டாப்பில் பிறந்த வாலட், முதல் நாளிலிருந்தே அவனுடையது. ஐந்து மாதம் என் பணத்தை அவன் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவ்வளவு பணத்தை ஏன் சேரவிட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதலில் வந்த காயினை ஒரு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்), ஆளுக்கு ஆள் விற்கும் பி2பி முறையில் விற்றேன். 900 யுஎஸ்டிடி. யாரோ ஒருவர் என் கரண்ட் அக்கவுண்டுக்கு ரூபாய் அனுப்பினார். பதினோரு நாள் கழித்து பேங்கில் அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். எனக்கு வந்த ரூபாய், வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாம். அந்த ஊர் போலீஸ் கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்று வாரம் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. அதுவும் ஆடித் தள்ளுபடி நேரத்தில். சூரத் பார்ட்டிக்குக் கொடுத்த செக் திரும்பியது. அப்பா காலத்திலிருந்து எங்கள் செக் திரும்பியதே இல்லை, அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பயந்துதான், நம்பகமான வழி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று காயினை அப்படியே விட்டேன். பி2பியில் விற்கிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள். உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும் அக்கவுண்ட் முடங்கும்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். காலையில் கடை திறந்து ஆப்பைப் பார்த்தால் பூஜ்யம். முதலில் நெட் பிரச்சினை என்று நினைத்தேன். என் யுஎஸ்டிடி இருந்த பிளாக்செயினின் பெயர் டிரான். அந்த நெட்வொர்க்கில் நடப்பதையெல்லாம் டிரான்ஸ்கேன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் வாலட்டின் முகவரியை (பேங்க் கணக்கு எண் போன்றது) போட்டுப் பார்த்தேன். அதிகாலை 3:12-க்கு முழுப் பணமும் போயிருந்தது. அதற்கு இருபது நிமிடம் முன்னால் என் வாலட்டுக்குள் கொஞ்சம் டிஆர்எக்ஸ், அதாவது டிரானின் சொந்தக் காயின், வந்திருந்தது. டிரானில் யுஎஸ்டிடியை அனுப்பக் கட்டணமாக டிஆர்எக்ஸ் வேண்டும். என் வாலட்டில் அது தீர்ந்துபோயிருந்தது. திருட வந்தவன் தன் கையிலிருந்து கட்டணத்தைப் போட்டு என் பணத்தை எடுத்திருக்கிறான். ஏதோ லிங்கை அமுக்கியதால் போன பணம் இல்லை இது. சாவி வைத்திருப்பவன் நிதானமாகத் திறந்து எடுத்தது.

போன் செய்தேன். எடுத்தான். "அண்ணே, நீங்க ஏதாவது லிங்க் கிளிக் பண்ணியிருப்பீங்க" என்றான். பதறவே இல்லை. "எனக்குத் தெரிஞ்ச ரெகவரி எக்ஸ்பர்ட் ஒருத்தர் இருக்கார், மீட்டுக் கொடுப்பார். முன்பணம் 15,000 அனுப்புங்க. போலீசுக்குப் போனா வாலட் லாக் ஆயிடும்" என்றான். நான் அனுப்பினேன். அடுத்த நாள் இன்னும் 20,000 கேட்டபோதுதான் வீட்டில், "ஏங்க, போன பணத்தை எடுத்துக் கொடுக்கிறவர் அதிலேயே தன் பங்கை எடுத்துக்கலாமே, முன்னாடி எதுக்குக் கேக்கறார்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் இப்படிப் போனதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால், போலீஸ் கேட்டுக்கொண்டால், ஒரு முகவரியில் இருக்கும் காயினை முடக்கி வைக்க முடியும். அதனால் முதல் சில மணி நேரம்தான் உயிர். பணம் திருடு போனால் யாரிடமும் யோசனை கேட்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், தேசிய சைபர் க்ரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் போன முகவரி, பரிவர்த்தனை எண், நேரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் கொடுத்தபோது அந்தக் காயின் நாலைந்து முகவரி தாண்டிப் போயிருந்தது.

போலீசில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், விசாரணை நடக்கிறது. கிரிப்டோவுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் வக்கீல் சொன்னார், 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றமே கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சொல்லியிருக்கிறது, தைரியமாகப் புகார் கொடுங்கள் என்று. ஆடிட்டர்தான் கோபப்பட்டார். காயினில் வாங்கினாலும் சரக்குக்கு ஜிஎஸ்டி பில் போட்டே ஆக வேண்டும், காயினை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ். ஏற்றுமதியாக அனுப்பும் சரக்குக்குப் பணம் பேங்க் வழியாகத்தான் வர வேண்டும். "இதையெல்லாம் என்னைக் கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கக் கூடாதா?" என்றார். கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். 2023 மார்ச்சிலிருந்து, இங்கே மற்றவர்களுக்காகக் கிரிப்டோவைக் கைமாற்றுவது, பாதுகாத்துத் தருவது போன்ற தொழில் செய்கிறவர்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். எந்த எக்ஸ்சேஞ்ச் என்றாலும் முதலில் இதைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் கண்டுகொண்ட ஒரு விஷயம், காயின் வாங்க நினைக்கும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் பயன்படும். கவுண்டரில் பணம் வாங்க முகவரி மட்டும் போதும். சாவி கடைக்கே வர வேண்டாம். வாலட்டை வீட்டில், தனியாக உட்கார்ந்து, உங்கள் கையால் திறங்கள். சொற்களை நீங்களே பேப்பரில் எழுதுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். கடைக்கு க்யூஆர் மட்டும் வரட்டும். பணம் வந்ததா என்று பையன் டிரான்ஸ்கேனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் தன் போனில் காட்டுவதைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்க வேண்டாம். யுஎஸ்டிடி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் போலி டோக்கன் (காயின்) உருவாக்கலாம். பெயரும் படமும் ஒன்றாகவே இருக்கும், அந்தக் காயினை உருவாக்கிய நிரலின் முகவரி (ஒப்பந்த முகவரி என்பார்கள்) மட்டும் வேறாக இருக்கும். டெதர் தன் தளத்தில் போட்டிருக்கும் முகவரியோடு ஒத்துப்பாருங்கள். நீங்கள் காயின் அனுப்பும்போது பழைய பரிவர்த்தனையிலிருந்து முகவரியை காப்பி செய்யாதீர்கள். முதலிலும் கடைசியிலும் ஒரே மாதிரி எழுத்து வருகிற முகவரியிலிருந்து பைசா அளவில் ஏதாவது அனுப்பி வைத்து, அடுத்த முறை நீங்கள் அதை காப்பி செய்யட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புகார் கொடுத்த மறுநாள், அந்தப் பையன் க்யூஆர் ஒட்டிய மற்ற கடைகளுக்கு நடந்தே போனேன். எனக்குத் தெரிந்து நான்கு கடை. மின்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒருவருக்கு ஏற்கெனவே போயிருந்தது. அவர் பணம் போன முகவரியும் என் பணம் போன முகவரியும் ஒன்று. அதையும் போலீசில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேர் அன்றைக்கே என் முன்னால் புது வாலட் திறந்து மாற்றினார்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன், அந்தச் சொற்களை நானும் பார்க்கக் கூடாது என்று. நாலாமவர் மட்டும், "அந்தத் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை" என்கிறார். இன்று சாயந்திரம் மறுபடியும் அவர் கடைக்குப் போகிறேன்.