நாகர்கோவில் பக்கம் பர்னிஷ்டு பிளாட் பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

ஆசாரிபள்ளம், பார்வதிபுரம், கோணம் பக்கமெல்லாம் இப்போது பர்னிஷ்டு பிளாட்டுக்கு நல்ல கிராக்கி. மெடிக்கல் காலேஜ், பாலிடெக்னிக் என்று வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். "பெட்டியோட வந்தா போதும் சார்" என்றார் புரோக்கர். வாடகை 14,000, அட்வான்ஸ் 60,000.

சாவி தரும்போது, "தேக்குக் கட்டிலாக்கும் தம்பி, பத்திரமா பாத்துக்கிடணும்" என்றார் ஓனர். தேக்கெல்லாம் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே தேக்கு மாதிரி தாள் ஒட்டியிருந்தது. இந்த மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சுவரே ஓதம் அடித்துக் கிடந்தது. கட்டில் கால், அலமாரியின் அடிப்பலகை எல்லாம் உப்பிவிட்டன. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

காலி செய்யும் அன்றுதான் அசல் ஆட்டம். அதுவரை கண்ணில் படாத ஒரு லிஸ்டை எடுத்து வந்தார். கட்டிலுக்கு இவ்வளவு, அலமாரிக்கு இவ்வளவு, கை ஆடுகிற சோபாவுக்கு இவ்வளவு. அது நாங்கள் குடிவந்த அன்றே ஆடியது. நாங்கள்தான் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தோமாம்! பழைய சாமானுக்குப் புதிய விலை போட்டு, கடைசியில் கைக்கு வந்தது 18,000. பர்னிச்சர் நம் வசதிக்குக் கிடப்பதில்லை, அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ளக் கிடக்கிறது.

கரண்ட் இன்னொரு கதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே ஓனர் தன் இணைப்பிலிருந்தே சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்கினார். உங்கள் பிளாட்டுக்குத் தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். கரண்ட் பில்லில் இருக்கிற சர்வீஸ் நம்பரைத் தரத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

பத்திரத்தில் பதினொரு மாதம் என்று எழுதி, பதிவு செய்யாமல் விட்டுவிடுவார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சாமான் லிஸ்டை அதே ஒப்பந்தத்தோடு சேர்த்து, ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி, ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். வீடியோவும் எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த பிளாட்டுக்கு இப்போது மறுபடி ஆள் தேடுகிறார்கள். போட்டோவில் அதே சோபாதான், மேலே புது உறை. பார்க்கப் போனால் அதன் இடது கையை ஒருதடவை அசைத்துப் பாருங்கள்.